விசிறியை நிறுத்திய மூன்று நிமிடம்

ஆண்டுக்கு ஒரு ஞாயிறு
செந்தூலில் தர்மசீலன் வீட்டு மாடியில்
சுவரெல்லாம் போர்வை கட்டுவோம்.
மலிவு விற்பனையில் எடுத்த நீலப்பூப் போர்வை இரண்டு,
பெர்னாடெட் கல்யாணத்துக்கு வந்து
பிரிக்காமலே கிடந்த கம்பளி,
ரயில்வே முத்திரை மங்கிய இன்னொன்று.
அது எப்படி வீடு வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில், மலையடிவார ஊர் ஒன்றில்,
காலிக் கிடங்கின் மாடியில்
இப்படித்தான் கட்டினார்களாம்,
எதிரொலி மெழுகில் விழாமலிருக்க.
பஞ்சாலைக்காரன், நிலக்கரிக்காரன், கடன்காரன்
ஒருநாள் கூலியை விட்டுவிட்டு நடந்து வந்து
சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு
முன்பின் தெரியாத கருவியைப் பார்த்துப் பாடினான்.
விளக்கு எரிந்தால் தொடங்கு.
அணைந்தால் நிறுத்து,
கதையில் யார் சாகக் கிடந்தாலும்.

அன்றுதான் கன்ட்ரி பாட்டு பிறந்தது என்பார் தர்மசீலன்.
"பிறந்தது எப்பவோ.
அன்னைக்கு விலைச்சீட்டு ஒட்டினாங்க" என்பாள் பெர்னாடெட்.

விசிறியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும்.
கோலாலம்பூர் ஆகஸ்டில்
நாலு கம்பளிக்கு நடுவே விசிறியை நிறுத்துவதற்கு
பக்தி என்றுதான் பெயர் வைக்க வேண்டும்.
எதிர்வீட்டு அம்மாள்
நாங்கள் சீட்டாடுகிறோம் என்று நினைக்கிறார்.

ஊசி இறங்கும்.
முதலில் கடுகு வெடிக்கும்,
நூறு வருஷத்துக் கடுகு.
பிறகு பாஞ்சோ.
பிறகு மூக்கால் பாடுகிற ஒருத்தன்,
ரயிலைத் தவறவிட்டதைப் பற்றி.
முப்பத்தொரு வருஷம் செந்தூல் பட்டறையில்
பிரேக் கட்டை மாற்றிய தர்மசீலன்
கண்ணைத் திறக்காமல் சொல்வார்:
"இவன் ரயில் ஏறினதே இல்ல.
ஏறினவன் சக்கரத்த இவ்வளவு அழகா சொல்லமாட்டான்."

இரண்டாம் சரணத்தில் ஒரு பெண்குரல் சேரும்.
தட்டின் ஒட்டுச்சீட்டில் அவன் பெயர், முழுசாக.
அடுத்து 'மற்றும் மனைவி'.
ஒவ்வொரு வரிக்கு முன்னும்
அவள் மூச்சிழுப்பது கேட்கும்,
கதவைத் தள்ளப் போகிறவள் மாதிரி.
போன வருஷம் அவளுக்குப் பெயர் வைக்கப் பார்த்தார்கள்.
ரோஸ் என்றார் ஆ சூன்.
நான் வேண்டாமென்றேன்.
பத்து ஆராங் நிலக்கரிச் சம்பளப் புத்தகத்தில்
என் பெரியம்மா 'பெண், எண் இரண்டு'.
அவள்மேல் யாராவது ஒரு ரோஜாவைச் செருகினால்
எனக்குக் கோபம் வரும்.

அப்புறம் நாற்காலி.

இரண்டு நிமிடம் பத்தாவது நொடி,
யாரோ அசைய, கிறீச்சென்று ஒரு நாற்காலி.
மறைப்பானேன், அதற்குத்தான் காத்திருக்கிறோம்.
பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம்.
முறைக்காக உட்கார்ந்திருந்த அடுத்த ஆளா?
பசியா?
வந்தும் பாடக் கூப்பிடப்படாமல்
வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தவனா?
மெழுகு ஆள் பார்க்கவில்லை.
பாடியவனைப் போலவே அவனுக்கும் ஒரு கீறல்.

ரயில் வருவதற்குள் தட்டு தீர்ந்துவிடும்.

இந்த முறை பெர்னாடெட் கைப்பேசியில் பதிந்தாள்.
நாங்களும் ஒரு வரலாறு என்றாள், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.
போட்டுக் கேட்டால் பாட்டைக் காணோம்.
இரைச்சல் என்று எண்ணி
கைப்பேசியே கழித்துவிட்டிருந்தது
கடுகை, பாஞ்சோவை, அவனை, அவளை.
எங்கோ ஆழத்தில் மட்டும்
ஈ சுவரில் முட்டுவதுபோல் ஒரு ரயில் மெட்டு.
அதன்மேல், பளிங்கு மாதிரி,
ஆ சூனின் செந்தூல் தமிழ்:
"காப்பியில சீனி போட்டாச்சா?"

சிரித்து முடிக்க நேரமாயிற்று.
யாரோ விசிறியைப் போட்டார்கள்.
போர்வைகள் சுவரை விட்டு எழுந்தன,
விழுந்தன, எழுந்தன.

அழிக்கவா என்றாள் பெர்னாடெட்,
விரல் குப்பைத்தொட்டிப் படத்தின்மேல்.
பதில் வருவதற்குள்
கைப்பேசி மறுபடி கேட்டது,
சீனி போட்டாச்சா.

"இன்னும் இல்ல" என்றார் தர்மசீலன்.