பதினேழு படி

பதிவேட்டில் இரண்டு கட்டம்.
உள்ளே எத்தனை நிமிடம் ஆடினார்கள்,
வெளியே எத்தனை நிமிடம்.
மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு
சூப்பர்வைசர் மேடத்துக்குப் போட்டோ அனுப்ப வேண்டும்.

உள்ளே என்பது
செல்லூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்
பதினொன்றுக்குப் பதினான்கு அடி.
பீரோ, அரிசி மூட்டை, எடை மெஷின்
போக மிச்சத்தில் பத்தொன்பது பேர்.
தவளை என்றால் பத்தொன்பதும் தவளை.
ரயில் என்றால் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு
பீரோவைச் சுற்றிக் கூடல்நகர் வரை போய்த் திரும்பும்.
அஃப்ரா மட்டும் பாதியில் இறங்கிவிடுவாள்,
அவளுக்கு எப்போதும் ஏதோ ஒரு ஸ்டேஷன்.

தவளை குதித்தால் கீழிருந்து
கடைக்கார அருளப்பன் ஷட்டர் கம்பியால் கூரையை இடிப்பார்.
மூன்று இடி.
நிறுத்துங்கள் என்று அர்த்தம்.
பிள்ளைகள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.
மூன்று இடிக்கு மூன்று குதி,
அவர் கோபத்தில் ஐந்து இடித்தால் ஐந்து.
எண்ணிக்கைப் பாடத்தை இவ்வளவு சீக்கிரம்
நான் நடத்தி முடித்ததே இல்லை.

வெளியே என்பது பின்பக்கத்துக் காலி மனை.
கோர்ட்டில் கிடப்பதால் காலி.
வேலிக்காத்தான் மண்டிய மூலைக்கு
ஒச்சம்மாள் பழைய சேலையைக் கட்டி எல்லை போட்டிருக்கிறாள்.
மணல், ஓட்டுச் சில்லு, ஒரு லாரி டயர்.
பத்தரை வரைக்கும் நிழல்.
அப்புறம் மண் சுடும்;
செருப்புப் போட்ட பிள்ளை, போடாத பிள்ளை என்று
விளையாட்டு இரண்டாகப் பிரியும்.
அதற்குள் ஏறிவிட வேண்டும்.

நடுவில் பதினேழு படி.

தவசிக்கு இரண்டேகால் வயது.
ஒவ்வொரு படியிலும் அவனுக்கு வேலை இருக்கிறது.
முதலில் உட்காருவான்.
ஒரு காலைத் தொங்கவிட்டு
அடுத்த படி இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பான்.
இருந்தால் மறுகால்.
பிறகு உடம்பு மொத்தமும், தொப்பென்று.
பிறகு திரும்பி, இறங்கிய படிக்கு ஒரு தட்டு.
ஆறாவதில் எறும்பு.
ஒன்பதாவதில் காரை பெயர்ந்த குழி,
விரல் விட்டுப் பார்க்காமல் யாரும் தாண்டுவதில்லை.
அவனுக்குப் பின்னால் எட்டுப் பேர்
ஒன்றுக்கு முட்டியவர்கள் போல ஆடிக்கொண்டு நிற்பார்கள்.

முதல் வாரம் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
நேரம் மிச்சம்.
வெளியே: இருபத்தைந்து நிமிடம் என்று எழுதினேன், நல்ல கையெழுத்தில்.
மணலில் இறக்கிவிட்டதும்
அவன் திரும்பிப் படிக்கே ஓடினான்,
விட்டுப்போன வேலையைப் பார்க்க.
மூன்று நாளும் அப்படித்தான்.
நாலாம் நாள் விட்டுவிட்டேன்.

விட்டதும் மற்றவர்களுக்கும் வழி பிறந்தது.
மோனிஷ் கடைசிப் படியிலிருந்து குதித்தான்.
மறுநாள் அதற்கு முந்தின படி.
அதற்கு மறுநாள்
ஒச்சம்மாள் கீழே இரு கையும் விரித்து நின்றாள்,
வாய் நிறையத் திட்டிக்கொண்டே.

இன்று மேடம் நேரிலேயே வந்தார்.
'உள்ளேயும் குறையுது, வெளியேயும் குறையுது.
அரை மணி நேரம் எங்கம்மா போச்சு?'
'படியில, மேடம்.'
'படி எந்தக் கட்டம்?'
எனக்கு வாய் வரவில்லை.
சோற்றுப் பானையைக் கழுவியபடி ஒச்சம்மாள் சொன்னாள்:
'அங்கிட்டும் இல்ல, இங்கிட்டும் இல்ல மேடம்.
ரெண்டுக்கும் ஊடால.'

வெளிக் கட்டத்தைப் பார்க்கிறேன் என்று
மேடம் இறங்கத் தொடங்கினார்.
அவருக்கு முழங்கால் வலி.
சுவரைப் பிடித்து, ஒரு கால்,
அதே படியில் மறுகால்.
முன்னால் தவசி.
முந்திப் போக அகலம் போதாது.
ஆறாவது படியில் இருவரும் நின்றார்கள்.
மேடம் குனிந்து பார்ப்பது தெரிந்தது.

மேலே நின்று மணி பார்த்தேன்.
பத்து பதினாறு.
பதிவேடு என் கையில் இருந்தது,
பேனா அவரிடம்.