இலக்கு என்ற கட்டம்

புந்தா அரேனாஸில் காற்று நூறைத் தாண்டும் நாட்களில்
தெருமுனையில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படியொரு சாயங்காலம்தான்
கயிற்றை விட்டு, கால்நடை மருத்துவமனைக்குள் விழுந்தேன்,
இரவுப் பணிக்கு.

மேசையில் ஒரே கணினி.
பகலில் கணக்குப் பார்க்கும் எதெல்மிராவுக்கு,
இரவில் எனக்கு.
மஞ்சள் கோப்புறையை அழுத்தினால்
எப்போதும் ஒரே இடத்தில் போய் நிற்கும்:
'என் ஆவணங்கள்'.
யாருடைய என்?
உள்ளே ஒரே ஒரு படம்,
கதவு நசுங்கிய சிவப்பு வேன்.
எங்கள் இருவரிடமும் வேன் கிடையாது.
டாக்டர் யுத்ரோனிச்சைக் கேட்டேன்,
அவருக்கும் தெரியவில்லை.

குதிரைக்கு வயிற்றுவலி என்று வாசலில் லாரி நிற்கும்போது
வேனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?
குறுக்குவழியின் மேல் வலச்சொடுக்கு.
பண்புகள்.
இலக்கு என்று ஒடுங்கிய ஒரு கட்டம்.
நிரலின் பெயருக்கு அப்புறம் ஓர் இடைவெளி,
ஒரு சாய்கோடு, ஓர் எழுத்து, ஒரு காற்புள்ளி,
அதற்கும் அப்புறம் போகவேண்டிய வழி முழுவதும்.
முதல் தடவை காற்புள்ளியை விட்டுவிட்டேன்;
வேன் வந்தது.
இரண்டாம் தடவை
'இரவு எக்ஸ்ரே' திறந்தது,
விளக்குப் போட்டுவைத்த என் அறை மாதிரி.

மறுநாள் சாயங்காலம் அழுத்தினேன்.
'பாக்கி' திறந்தது.
எதெல்மிராவுக்கும் காற்புள்ளி தெரிந்திருக்கிறது.

மாற்றினேன்.
மாற்றினாள்.
காகிதத்தில் ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம்.
ஆளுக்கொரு கணக்குத் தொடங்கியிருக்கலாம்,
ஆனால் கடவுச்சொல் டாக்டரின் தம்பியிடம்,
தம்பி ஜலசந்திக்கு அந்தப் பக்கம், போர்வெனிரில்,
அவருக்கோ தொலைபேசி எடுக்கும் வழக்கமில்லை.
மூன்று வாரம் போனது இப்படியே.

திறந்ததைப் படிக்காமல் மூடுவதற்குக்
கண் பழகியிருக்கவில்லை.
போகிற போக்கில் படித்தேன்:
ஓயார்சுன், ஆட்டுப்பண்ணை, மூன்றாம் நினைவூட்டல்.
ஓயார்சுனை எனக்குத் தெரியும்.
அவருடைய நாய் தூண்டில் முள்ளை விழுங்கி வந்த இரவில்
சுவரோரம் நின்று
தொப்பியை ஈரத்துணிபோல் பிழிந்துகொண்டிருந்தார்.
வெட்டினேன், எடுத்தேன், தைத்தேன்.
அதற்கு இவ்வளவு ஆகும் என்று
அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அவளும் காலையில் பாக்கியைத் தேடி அழுத்தி
என் பக்கத்தில் வந்து நின்றிருப்பாள்,
கறுப்பில் வெள்ளையாய் வளைந்த அந்த முள்ளின் எதிரே.
காப்பி ஆறும்வரை பார்த்தாளா,
உடனே மூடினாளா,
தெரியாது.

பிறகு ஒரு வியாழக்கிழமை,
எதுவுமே திறக்கவில்லை.
பாதை கிடைக்கவில்லை என்றது திரை.
மின்சாரத்தைத் திட்டினேன்.
காற்றையும் சேர்த்துத் திட்டினேன்.
அப்புறம் அடியிலிருந்து நடந்தேன்,
வட்டு, மருத்துவமனை, கணக்கு, இந்த ஆண்டு,
ஒன்றுக்குள் ஒன்றாய்.
'பாக்கி' இருந்த இடத்தில் வேறொரு பெயர்:
'பிறகு பார்க்கலாம்'.

உள்ளே அதே பட்டியல், அதே தொகைகள்,
ஒரு பெசோ குறையவில்லை.
நினைவூட்டல் கடிதங்களை மட்டும் காணோம்.

பெயரை மாற்றியவள்
இலக்கை மாற்ற மறந்துவிட்டாள்.
நானே கட்டத்தில் புதுப்பெயரை அடித்தேன்.
நடுவில் இடைவெளி இருப்பதால்
மேற்கோள் குறிக்குள் வைத்து,
காற்புள்ளி பிசகாமல்.
அழுத்திப் பார்த்தேன், திறந்தது.

அப்படியே விட்டிருக்கிறேன்.
எக்ஸ்ரேக்குப் போக
எனக்கு இப்போது மூன்று சொடுக்கு கூடுதல்.
வேன் படத்தை இதுவரை யாரும் அழிக்கவில்லை.
வெளியே கயிறு விறைத்து முனகுகிறது.
யாரோ லாரியை நிறுத்திவிட்டு
முகப்பு விளக்கை அணைக்காமல்
ஓடி வருகிறார்கள்.