எழுத்தின் மேல் ஓர் அலை

இருபத்தாறு வருஷம் என் நெஞ்சில் குத்தியிருந்த
பித்தளைத் தகட்டில் நெரெய்டா மட்டும்தான்.
குடும்பப் பெயர் பூங்காவுக்குள் வராது.
கார் நிறுத்துமிடத்திலேயே
வெயிலில் காத்துக் கிடக்கும்.

இப்போது கிஸிமியில், வாடகை கராஜ் வாசலில்,
வேன் கதவில் பெயர் எழுதுகிற பையன் கேட்கிறான்:
இந்த எழுத்துக்கு மேலே அலை மாதிரி ஒன்று,
வேண்டுமா, விட்டுவிடலாமா?
போடு.
தனிக் காசு என்றாலும் போடு.
கின்யோனெஸ். ராட்டினப் பரிசோதனை.
கீழே என் கைபேசி எண்.

பில் புத்தகத்தின் முதல் தாளுக்கு
147 என்று எண் போட்டிருக்கிறேன்.
ஒன்று என்றால் யார் நம்புவார்கள்?

பூங்காவில், விடியுமுன் நாலரைக்கு,
தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை
இருக்கைக்கு ஒன்றாகப் பட்டை போட்டு உட்காரவைத்து
முதல் சுற்று அனுப்புவோம்.
மேட்டில் ஏறும் சங்கிலியின் டடக் டடக்கில்
ஒரு பல் தப்பினாலும் எனக்குப் பிடரி சிலிர்க்கும்.
பொம்மைகள் கத்தாது.
அவற்றுக்கும் சேர்த்து நான்தான் கேட்கவேண்டும்.

சரி என்று எழுதிய தாளில்
என் கையெழுத்துக்கு மேல் இன்னும் ஆறு கையெழுத்து.
அடியில் கிடப்பதில் ஒரு சுகம் இருந்தது,
பொய் சொல்லமாட்டேன்.

முதல் அழைப்பு, ஒக்கிசோபி பக்கம் ஒரு சந்தை.
ட்வெய்ன் ஹக்கபி, அப்பா காலத்து ராட்டினக்காரர்,
பாதி மென்ற புகையிலையோடு கை குலுக்கினார்.
எட்டாம் பெட்டியைத் தாங்கும் அச்சாணியில்
சாயம் தெளித்துத் துடைத்தேன்.
முடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு.
மறுபடி துடைத்தேன்,
அழுக்காக இருந்துவிடாதா என்று.
அழுக்கில்லை.

ஹக்கபி தொப்பியைக் கழற்றினார்.
வெள்ளிக்கிழமை, மழையும் இல்லை,
எட்டை மட்டும் பூட்டிவிட்டு ஓட்டுகிறேன்,
உனக்கு இரண்டு பங்கு என்றார்.
நான் திரும்பிப் பார்த்தேன்.
பழக்கம்தான்.
பின்னால் ஆறு பேர் இல்லை.
ஒரு பஞ்சுமிட்டாய் வண்டி,
அதன் நிழலில் ஒரு நாய்.

ஓடக்கூடாது என்று எழுதி
அலையோடு கையெழுத்துப் போட்டேன்.
147 இன்னும் புத்தகத்திலேயே இருக்கிறது.
கிழித்து நீட்டியபோது அவர் கை நீட்டவில்லை.

திரும்பும் வழியில், பெட்ரோல் பங்கில்,
யாரோ ஒருத்தி கழிப்பறை எங்கே என்றாள்.
உள்ளங்கை முழுதும் விரித்துக் காட்டினேன்.
விருந்தினரிடம் விரல் நீட்டக்கூடாது, அது அங்கே சட்டம்.
பல் தெரிகிற சிரிப்பும் தானாக வந்து நின்றது.
நீங்கள் இங்கேதான் வேலையா?
இல்லை என்றேன்.
அவள் போன பிறகும் கை அப்படியே விரிந்திருந்தது.
மடக்கிக்கொண்டு
வேனுக்கு நடந்தேன்.
கதவில் பெயிண்ட் இன்னும் காயவில்லை,
அலையின் மேல் ஒரு கொசு ஒட்டியிருந்தது.