மோடம் வாடகை: நூறு

காப்பீட்டுப் படிவத்தில் ஏழாவது கட்டம்
சொந்தமா குத்தகையா என்று கேட்கும்.
ஐப்பசி முழுக்க நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்,
குடவாசல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பத்துக்கு எட்டுக் கடையில்,
ஈரக் கைலியும் அடங்கல் நகலுமாய் வருகிறவர்களிடம்.

"குத்தகைதான். எழுத்தெல்லாம் இல்ல, வாய்ப்பேச்சு"
என்றார் மஞ்சக்குடி வைரக்கண்ணு.
வாய்ப்பேச்சுக்குக் கட்டம் கிடையாது.
அதைச் சொல்ல வாயெடுத்தபோது
திரை சுற்றத் தொடங்கியது.
அலமாரி மேல் மோடத்தில் சிவப்பு.

வரிசையில் இருபத்துமூன்று பேர்.
பாலமுரளி கேபிளுக்குப் போன் போட்டேன்.
"அது உங்க டப்பா இல்லீங்க மேடம், கம்பெனி டப்பா.
கை வச்சிடாதீங்க. பையன் வருவான்."
பையன் வரவில்லை.
மழை வந்தது.

சும்மா இருந்த கைக்கு
ஆணியில் குத்திய ரசீதுகள் அகப்பட்டன.
ஒவ்வொன்றிலும் நாலாவது வரி:
மோடம் வாடகை நூறு.
நாற்பத்தொரு ரசீது.
கால்குலேட்டர் வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் போட்டுப் பார்த்தேன்.

வாரமாயிருந்தால்
சிவப்பு எரிந்த நாளையாவது கழித்திருப்பான்.
இது குத்தகை.
விளைந்தாலும் அளக்கணும்,
சாவியாய்ப் போனாலும் அளக்கணும்.

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம்.
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு,
பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.
"உங்க கேபிள்காரர் ஏத்துப்பாரா, கேட்டீங்களா?"
பணம் வாங்கிய பிறகுதான் கடைக்காரர் கேட்டார்.
திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஒழுகியது.
மடியில் அட்டைப்பெட்டி,
அதன் மேல் என் துப்பட்டா,
நனைந்தது நான்.

செவ்வாய்க்கிழமை மரியசூசை வந்தான்.
பெட்டியைக் கவிழ்த்து
அடியிலிருந்த எண்ணைப் போனில் ஒப்பித்தான்.
அந்தப் பக்கம் பாலமுரளிக்குக் காது மந்தமா, மனசு மந்தமா,
நாலு தரம் சொல்லவைத்தார்.
"பி அண்ணே. இல்ல, பூம்புகார் பி இல்ல,
பாம்பே பி."
கடையே சிரித்தது.
பாம்பே பி ஏறியதும் பச்சை.

"பழசக் குடுங்கக்கா."
எடுத்துக் கொடுக்கும்போது பார்த்தேன்:
தலையில் மூன்று வருஷத்து ஆயுத பூஜைக் குங்குமம்,
ஒன்றன்மேல் ஒன்றாய்க் காய்ந்து.
அடுத்தவன் டப்பாவுக்கு
நான்தான் பொட்டு வைத்திருக்கிறேன்.

"அடாப்டர்?"
"அது போன வருஷமே புகைஞ்சுபோச்சு. இது நான் வாங்கினது."
"அப்ப கம்பெனி அடாப்டருக்கு முந்நூறு…
அண்ணன் வாங்கிட்டு வரச் சொன்னார்."
சொல்லும்போது அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
இருநூறுக்கு முடிந்தது.
அந்தக் குங்குமத்தைச் சுரண்டாமலே
பையில் போட்டுக்கொண்டு போனான்.

அடுத்த ரசீதிலும் நாலாவது வரி இருந்தது.
அவர் கண்ணெதிரே பேனாவால் அடித்தேன்.
அதற்கடுத்த ரசீதில் மூன்றே வரி.
ஆணியில் குத்துமுன்
இரண்டு தரம் படித்தேன்.

கடை வாடகை. மேசை என் அண்ணியுடையது.
உள்ளே வரும் கம்பி பாலமுரளியுடையது,
அது தொங்கும் கம்பம் மின்வாரியத்துடையது.
நடுவில் இந்த ஒரு டப்பா,
உள்ளங்கை அகலம்,
புஷ்பகலா என்று மார்க்கரில் எழுதியிருக்கிறேன்.

காப்பீட்டுக்குக் கடைசி நாள்.
சோழசூடாமணியில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடுகிறதென்றார்கள்.
வைரக்கண்ணு மறுபடி வந்திருந்தார்,
நிலத்துக்காரரின் கையெழுத்து இல்லாமல்,
அவருடைய போன் நம்பரோடு மட்டும்.
ஆறாவது கட்டம் வரைக்கும் வந்துவிட்டோம்.

மேற்கே ஒரு வெட்டு.
முன்பெல்லாம் இடி இடித்தால் நான் தட்டச்சை நிறுத்தியதில்லை.
இப்போது நாற்காலி விழ எழுந்து
பிளக்கைப் பிடுங்கி, கேபிள் திருகைக் கழற்றி,
டப்பாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன்.
வரிசை மொத்தமும் "ஐயோ" என்றது.

"இடி நிக்கட்டும்" என்றேன்.
அவர் திரையையே பார்த்தார்.
"நிக்கட்டும்" என்றார்.