முப்பத்தாறு

புதுவயலில் பலகாரக் கம்பெனி.
கடித்துப் பார்ப்பது என் வேலை.
ஈட்டுக்கு ஒரு தேன்குழல், ஒரு சீப்புச் சீடை.
பதத்தை நாக்கு சொல்லும் என்பார்கள்.
எனக்குத் தாடை வழியாகக் காதுக்குள் வரும்
சத்தம் சொல்லும்.

காரைக்குடி, செக்காலை ரோடு, மாடி.
'முப்பத்தாறில் வேர் சிகிச்சை' என்று எழுதினார்
டாக்டர் தெய்வானை.
மனுசிக்கு முப்பத்திரண்டுதானே என்றேன்.
கீழ்வரிசை, இடப்பக்கம், ஆறாவது பல்;
அவர்கள் கணக்கு அப்படியாம்.

ஊசி போட்டதும்
உதடு பக்கத்து வீட்டுக்காரியுடையதாகிவிட்டது.
அப்புறம் வலியே தெரியவில்லை.
மயிரிழை கனத்தில் அரங்கள்,
பிளீச்சிங் பவுடர் வாசம்,
ஊருணி வரத்துக்காலைத் தூர்வாருகிற மாதிரி
உள்ளே ஒரு சுரண்டல்.
மூன்று கால் இருக்கும் என்றவர் திடீரென்று பேச்சை நிறுத்தினார்.
லைட்டை இழுத்தார்.
"இந்தா, நாலாவது. ஒளிஞ்சிருக்கு."
விட்டிருந்தால் அங்கேயே மறுபடி சீழ் கோக்குமாம்.

மரப்பு போகும்வரை சாப்பிடாதே, கன்னத்தைக் கடித்துக்கொள்வாய்.
நாலைந்து நாள் மென்றால் நோகும், அது சகஜம்.
வீங்கினால், காய்ச்சல் அடித்தால்
ராத்திரி என்று பார்க்காமல் கூப்பிடு.
மேலே அடைத்திருப்பது தற்காலிகம்,
இரண்டு வாரத்தில் வந்து உறை போட்டுக்கொள்.
அதுவரை அந்தப் பக்கம் எதையும் கடிக்காதே.
"கடிக்கிறதுதான் டாக்டர் எனக்குச் சம்பளம்."
"வலப்பக்கமாச் சம்பாதி, அரியநாச்சி."

வலி போயிற்று.
அதோடு டாக்டர் சொன்னதும் போயிற்று.
உறைக்கு ஐயாயிரம்.
மகனுக்கு காலேஜ் பஸ் பணம் கட்ட வேண்டும்,
சிங்கப்பூர் பார்சல் வேறு முந்நூறு கிலோ,
தீபாவளி கழியட்டும் என்றேன்.

இருபத்தாறாம் நாள்
நாலாவது அடுப்பு ஈடு.
எண்ணெய் காய்ந்தது போதவில்லை என்று
வள்ளிமயிலோடு சண்டை போட்டுக்கொண்டே
சீடையை இடப்பக்கம் வைத்துவிட்டேன்.

மடக்.

இத்தனை வருஷம் கேட்ட காது.
இது மாவு இல்லை என்று அதற்குத் தெரிந்தது.
துளி வலி கிடையாது, அதுதான் பயம்.
நரம்பு எடுத்த பல்
உடைந்தாலும் ஆளைக் கூப்பிடாது.
உள்ளங்கையில் துப்பிப் பார்த்தேன்:
சீடைத் தூளுக்குள்
பழுப்பாக ஒரு மூலை.

தெய்வானை திட்டவில்லை.
உடைப்பு ஈறுக்கு மேலோடு நின்றதாம்,
இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால்
பிடுங்கத்தான் வேண்டும் என்றார்.
சீட்டுப் பணத்தை எடுத்து
அடுத்த வாரமே உறை போட்டுக்கொண்டேன்.

காபிச் சூடு அதற்குத் தெரியாது,
ஐஸும் தெரியாது.
ஆனால் ஈறு என்னுடையது,
சொத்தை உறையின் ஓரத்தில் நுழையப் பார்க்கும்.
ராத்திரி கால் வலியோடு வந்தாலும்
அந்த மூலைக்குப் பிரஷ் போகாமல் படுப்பதில்லை.

டாக்டர் சரி என்ற பிறகு
நேற்றுதான் இடப்பக்கம் ஒரு தேன்குழல் கடித்தேன்.
சத்தம் கொஞ்சம் தள்ளி இருந்து வந்தது,
அடுத்த அறையில் யாரோ கடிப்பது போல.
வள்ளிமயில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"வலிக்குதாக்கா?"

"ஒரு நிமிசம் முன்னாடி எடுத்திருக்கணும்டி,
கருகல் தட்டுது" என்றேன்.