ஓசூர் என்றால் புது ஊர்

நாலு இருபதுக்குப் போன் அடித்தது.
மகாதேவபுரா பால் பூத் சிக்கண்ணா.
உதவி எண் என்று ஒன்று இருக்கிறது, அதை அவர் மதிப்பதில்லை.
"ஏம்மா, அரை லிட்டர் ஒரு ரூபாய்னு பில் அடிக்குது உன் மெஷின்.
வாங்கறவங்க எல்லாருக்கும் ஒரே பேரு, 'சோதனை'.
மொதல்ல என்னைத்தான் சொல்லுதுன்னு நெனச்சேன்."

லேப்டாப்பைத் திறக்குமுன்பே தெரிந்துவிட்டது.
ராத்திரி பதினொன்றரைக்கு ஜெரின் ஒரு இமேஜ் கட்டியிருக்கிறான்.
சோதனை விலை, சோதனைப் பெயர்,
பாதி எழுதி விட்ட பண்டிகைத் தள்ளுபடி,
எல்லாம் உள்ளே.
டேக் என்ன என்று அவன் சொல்லவில்லை.
சொல்லாவிட்டால் அது தானே ஒன்றைச் சூட்டிக்கொள்ளும்:
லேட்டஸ்ட்.
முப்பத்தேழு பூத்துகளின் இயந்திரங்கள்
விடியுமுன் விழித்துக் கேட்கும் பெயரும் அதுவே.

அப்படிக் கேட்கும்படி
மூன்று வருடம் முன்பு ஒரே வரியில் எழுதிவைத்தது யார் என்று தேடினேன்.
நான்தான்.

நான் ஓசூர்க்காரி.
ஓசூர் என்றால் கன்னடத்தில் புது ஊர்.
யாருடைய ஆட்சியில் புதிது என்று
எங்கள் பேருந்து நிலையத்தில் ஒருவருக்கும் தெரியாது.
இங்கே நியூ திப்பசந்திராவில்
காரை பெயர்ந்த மாடிகளில் அரசங்கன்று முளைத்திருக்கிறது.
புதிது என்று ஒருமுறை எழுதிவிட்டால்
அழிக்க ஆள் அனுப்புவதில்லை
எந்த மாநகராட்சியும்.

இடுகுறி, காரணம், ஆகுபெயர்.
பத்தாம் வகுப்புக்குப் பிறகு
இவை எனக்குத் தேவைப்பட்டது இன்றுதான்.
ஊர் சிரித்தது என்றால் சிரித்தது ஊரல்ல.
ஸ்டேபிள் விழுந்தது என்றால்
விழுந்தது எது?
போன வாரம் அந்தச் சீட்டு ஒட்டியிருந்த இமேஜா,
நேற்று யாரோ பிடுங்கி ஒட்டிய மற்றொன்றா?

ஒவ்வொன்றுக்கும்
உள்ளிருப்பதிலிருந்தே கடைந்தெடுத்த பெயரும் உண்டு.
எழுத்தும் எண்ணுமாய் அறுபத்து நாலு.
உள்ளே ஒரு காற்புள்ளி நகர்ந்தாலும் பெயர் முழுக்க வேறாகும்.
அதைவிடக் காரணப்பெயர் கிடையாது.
ஆனால் நாலு இருபதுக்கு
சிக்கண்ணாவிடம் அதை வாசித்துக் காட்ட முடியுமா?
பொய் சொல்லாத பெயர்,
கூப்பிட உதவாது.

நாலு முப்பத்தெட்டுக்கு 2.4.1-ஐத் திரும்ப ஏற்றினேன்.

பதினொரு மணிக்குக் கூட்டம்.
ஜெரினின் டீயில் ஆடை படிந்திருந்தது.
எண் ஒட்டியதை இனி யாரும் பிரிக்கக் கூடாது.
டெவ் என்றால் தேதியும் கிளையும் கூடவே வரவேண்டும்.
ஸ்டேபிளை நகர்த்த இரண்டு பேர் கை வேண்டும்.
லேட்டஸ்ட் என்று இனி எதுவும் இல்லை.
"ஸ்டேபிள்னா எத்தனை நாளைக்கு?" சுப்ரீத் கேட்டான்.
அடுத்தது வரும்வரை என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை, நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

பெயர் பறிபோன ஜெரினின் இமேஜ்
பட்டியலின் அடியில் வெற்றுக் கோடாய்க் கிடக்கிறது.
ஞாயிறு இரவு துப்புரவு நிரல் ஓடும்வரை
அதற்கு உயிர் உண்டு.
அந்தத் தள்ளுபடிக் கணக்கு நன்றாகவே எழுதியிருந்தான்.

சாயங்காலம் பூத்துக்குப் போனேன்,
ஒரு ரூபாய்க்குப் போன பாலின் நஷ்டக் கணக்கு கேட்க.
"நான் எங்கே ஒரு ரூபாய்க்குக் கொடுத்தேன்?"
மெஷினை அணைத்துவிட்டு
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறார்.
"தெரிஞ்ச ஜனங்களைச் சோதனைன்னு எழுத எனக்குக் கை வரலே."

மாடிவீட்டு டீச்சர் 2.
ஆட்டோ நஞ்சுண்டா 1.
நாய் வளர்க்கும் கர்னல் 3.
கடைசி வரியில்,
எடுத்துவைத்தது, காசு வரவில்லை:
புதுசா வந்த ஓசூர்ப் பொண்ணு 1.

நான் இங்கே வந்து
நாலு வருடம் ஆகிறது, சிக்கண்ணா.

காசைக் கொடுத்துப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.