செட்டிபாளையம் இறக்கம்

என் பழைய முன்பல் இரண்டுக்கும் நடுவே
ஒரு கச்சான் பருப்பு போய்வர இடமிருந்தது.
அந்த ஓட்டைதான் என் உத்தியோகம்.
ஒருதரம் ஊதினால் நில்,
இருதரம் ஊதினால் எடு.
கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில்
இருபத்தாறு வருடம்,
ஆதம்பாவா காக்கா கண்ணாடியில்
என்னைத் தேடினதேயில்லை.
அவருக்கு நான் ஒரு சத்தம்.

சீனி வருத்தம் ஒவ்வொன்றாய் ஆட்டிப் பார்த்தது.
போன மாரிக்குள் மேல்வரிசை முழுதும் போயிற்று.
இப்போது வந்திருப்பது
இடைவெளியே இல்லாத மதில்,
வெளிநாட்டுக் காசில் கட்டிய வீட்டு மதில்போல
அப்படியொரு வெள்ளை.
நேசம் சிரிக்கச் சொன்னாள்.
சிரித்தேன்.
'மூடுங்க' என்றாள்.

சோறு தின்ன எடுத்த கரண்டியை
வெளியே எடுக்க மறந்ததுபோல்
எந்நேரமும் வாய்க்குள் ஒரு சாமான்.
இடது முரசில் புண்.
தேற்றாத்தீவு என்று சொல்லப் போனால்
நாக்கு பழைய வீடென்று நினைத்துப் போய்த்
தட்டுகிறது,
உள்ளே யாரோ புதுக் குடித்தனம்.
இரவில் கழற்றி ஜாம் போத்தலில் போட்டால்
நான் தூங்காமல் கிடக்க
அது தண்ணீருக்குள் சிரித்துக்கொண்டிருக்கும்.

திரும்ப வேலைக்குப் போன நாள்
பாண்டிருப்பு, மருதமுனை,
நீலாவணை வரைக்கும் ஒரு குறையுமில்லை.
கல்லாற்றுக்குக் கிட்ட
'சில்லறை இருந்தாத் தாங்க' என்றேன்.
பஸ் நின்றது.
ஒருத்தரும் இறங்கவில்லை.
றோட்டோரம் படுத்திருந்த மாடு மட்டும்
எழும்பிப் பார்த்தது.
'ஊதினாய்தானே?'
'ஊதல்ல காக்கா, கதைச்ச நான்.'

அதற்குப் பிறகு
காசு என்றாலும் நின்றது,
சீசன் என்றாலும் நின்றது,
ஆஸ்பத்திரிச் சந்தி என்றதும்
இரண்டு விசில் வந்து, நின்ற பஸ்
பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இறங்க முதல் எடுபட்டது.
மெய்யாகவே ஊத வேண்டி வந்தபோது
வெறும் காற்று.
காற்றோடு பல்லும்.
சிலிப்பில் நிற்பவன்போல் ஒற்றைக் கையால் பிடித்தேன்.
பின் சீற்றில் ரியூசன் பெடியன்கள் கைதட்டினார்கள்.

பல் டொக்டர் குருநாகல் பிள்ளை.
புண்ணில் முட்டும் இடத்தை அராவிக்கொண்டே
'கொஞ்சம் கொஞ்சமா பலகணும், அங்கிள்' என்றாள்.
'பழகணும்' என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது,
எத்தனை நாளுக்குப் பிறகு
பிசகாமல் வந்த ஒரு சொல்.
இந்த ழ
வாயின் பின்பக்கம் சுருண்டு
ஒரு பல்லிலும் படாமல்
தனியாக நின்று திரும்பிவிடுகிறது.
'பளக' என்றாள்.
'பழக.'
'பலக.'
வெளியே பதினெட்டாம் நம்பர்காரர்
கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார்.

தாழங்குடா வரும்போது
இப்போது கொஞ்சம் உரத்தே கத்துகிறேன்.

ஊதுவதை விட்டாச்சு.
ஐந்து ரூபாக் குற்றியால் கம்பியில் தட்டுகிறேன்.
ஆனாலும் காக்காவின் கால் பழைய கால்,
விசில் கேட்டால் பிறேக்கைத் தேடுகிறது.
அதனால்
கண்ணாடியைத் திருப்பி வைத்திருக்கிறார்.
ஊதினேனா கதைத்தேனா என்று
உதட்டைப் பார்க்கிறார்.
'நீயும் கிழடாப் போனாய்கா' என்றார் நேற்று,
இருபத்தாறு வருடத்தில் முதல்தடவை
என் முகத்தைப் பற்றி ஒரு கதை.

இன்றைக்கு மத்தியானம்
'செட்டிபாளையம் இறக்கம்' என்றேன்.
ஊர்ப்பெயர் தானே ஊதித்
தானே பஸ்ஸை நிறுத்தியது.
கருவாட்டுப் பையோடு ஒரு மனிசி
அவசரமில்லாமல் இறங்கினாள்.
தட்ட வேண்டியிருக்கவில்லை.
எடுக்கத்தான்
குற்றியைத் தேடினேன்,
எந்தப் பொக்கற்றில் என்று தெரியவில்லை,
மாடுகூட இல்லாத றோட்டில்
கொஞ்சநேரம் நின்றோம்.